விழுந்த பந்துக்குத் தூக்கிய கை

அன்று மாலை துபாய் கராமாவில் என் தையல் கடைக்குள் யார் நுழைந்திருந்தாலும் பயந்துதான் போயிருப்பார்கள்.

கட்டிங் டேபிளின் மேல் ஒரு மனிதர் குப்புறக் கிடந்தார். ஒரு கை முன்னால் நீண்டு, விரல்கள் மரத்தை அழுத்தி விரிந்திருந்தன. ஒரு கால் தரையில், மறு கால் அந்தரத்தில். தாடை மேசையைத் தொட்டுக்கொண்டிருந்தது. நான் அவர் முதுகில் இஞ்ச் டேப்பை வைத்துக்கொண்டு, உதடுகளுக்கிடையே குண்டூசிகளுடன் நின்றிருந்தேன்.

பிளவுஸ் துணியோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார் ஒரு நர்ஸ். நாகர்கோவில்காரர். என் பழைய வாடிக்கையாளர். வந்தவர் துணியைக் கீழே போட்டுவிட்டார்.

"என்னண்ணே, ஆளு மயங்கிட்டாரா? முதல்ல தலைய ஒருச்சாய்ச்சு வையிங்க."

மேசையில் கிடந்தவர் தலையைத் தூக்காமலே சொன்னார். "உசுரோடதான் இருக்கேன் சிஸ்டர். அளவு எடுக்குறாரு."

"எதுக்கு, பெட்டிக்கா?"

கிடந்தவர் சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது. குண்டூசி வாயில் இருக்கும்போது தையல்காரன் சிரிக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். அன்று நான் சிரித்துவிட்டு உதட்டில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டேன்.

பஸ் பயணத்தைப் பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, 'பாய், உங்கள் கடைக்கு வந்தவர்களைப் பற்றி எழுதுங்கள்' என்று சிலர் சொன்னார்கள். அதனால்தான் இந்த மனிதரை முதலில் மேசையில் படுக்க வைத்திருக்கிறேன்.

மதுரைக்காரர்

அவர் பெயர் தினகர். மதுரை. வயது நாற்பதை நெருங்கியிருந்தது. தொழில், ஸ்னூக்கர்.

எனக்கு அதுவரை கேரம்போர்டுதான் தெரியும். ஸ்னூக்கர் என்றால் பெரிய கட்டில்போல ஒரு மேசை, அதன்மேல் பச்சைத் துணி, ஓரத்தில் ஆறு குழிகள். நீளக் குச்சியால் வெள்ளைப் பந்தை அடித்து மற்ற வண்ணப் பந்துகளைக் குழியில் தள்ள வேண்டும். மேசை காலியானால் ஒரு ஃபிரேம் முடிந்தது. குச்சி நுனியில் நீலச் சாக் தேய்ப்பார்கள். "உங்ககிட்டயும் சாக்கு, என்கிட்டயும் சாக்கு. ரெண்டு பேரும் துணியிலதான பாய் பொழைக்கிறோம்" என்பார் தினகர்.

பணம் கட்டிப் பொழுது போக்க ஆடுகிறவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். அதையே தொழிலாகக் கொண்டு நாடு நாடாகப் போய் ஆடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். வெயில் காலத்தில் தொடங்கும் அவர்கள் சீசன் அடுத்த வெயிலுக்கு முன் முடியும். இங்கிலாந்து, சீனா, ஜெர்மனி என்று ஓட்டம். எல்லாப் பக்கமும் விமானம் இருப்பதால் தினகர் கராமாவில் ஒரு பேச்சிலர் ரூமில் கட்டில் எடுத்துத் தங்கி, பகலில் ஒரு கிளப்பில் ஆடிப் பழகுவார்.

சீசன் முடிவில் தரவரிசைப் பட்டியலில் ஒரு கோடு போடுவார்களாம். கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்கு அடுத்த சீசனிலும் இடம் உண்டு. கீழே போனவர்கள் வெளியே. திரும்ப வர வேண்டுமென்றால் பள்ளிக்கூடம் முடித்த பையன்களோடு சேர்ந்து தகுதிப் போட்டியில் முதலிலிருந்து ஆட வேண்டும்.

அந்த வருஷம் தினகர் கோட்டின் மேலேயே நின்றுகொண்டிருந்தார். மதுரையில் மனைவியும் மகளும். "இந்த சீசன் தாண்டிட்டா போதும் பாய்" என்று வரும்போதெல்லாம் சொல்வார். எனக்கு அது மனதில் ஊன்றிவிட்டது. ஐந்து நேரத் தொழுகையிலும் அவருக்காகக் கேட்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கம்

தினகர் முதலில் என் வாடிக்கையாளர் அல்ல. அதைச் சொல்லியாக வேண்டும்.

என் கடையை ஒட்டி, ஒரே சுவருக்கு அந்தப் பக்கம், கான் பாயின் தையல் கடை இருந்தது. பாகிஸ்தான்காரர். வெள்ளைத் தாடி, எப்போதும் காதில் ஒரு பென்சில். பல வருஷம் அந்தச் சுவர் வழியாக அவர் மெஷின் ஓடுவது எனக்குக் கேட்கும்; என்னுடையது அவருக்குக் கேட்கும். ஒருவர் மெஷின் நின்றால், தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள் என்று புரிந்துகொண்டு மற்றவரும் எழுந்துவிடுவார்.

கடைகள் ஒட்டியிருந்தாலும் கட்டடங்கள் வேறு வேறு. பழைய கட்டடம் என்று அவருடையதை இடிக்க உத்தரவானது. எங்களுடையது தப்பித்தது. கோடு எங்கள் சுவர்மேல் விழுந்தது, அவ்வளவுதான். அவர் கெட்டிக்காரர் இல்லை என்றோ நான் கெட்டிக்காரன் என்றோ அதில் ஒன்றுமில்லை.

கான் பாய் சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டு ஷார்ஜா பக்கம் போனார். அவரைத் தேடி வந்தவர்கள் பூட்டிய ஷட்டரைப் பார்த்துவிட்டு நாலு எட்டு நடந்து என் கடைக்குள் வந்தார்கள். அந்த மாதம் நான் மெஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

ஒருநாள் சாப்பாட்டின்போது மனம் நிறைந்து, "அல்ஹம்துலில்லாஹ், படைச்சவன் கொடுக்க நெனச்சா கூரையப் பிச்சுக்கிட்டுக் கொடுப்பான்" என்றேன்.

என் மனைவி பரீதா மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள். "யாரு கூரைய?"

நான் முள் பார்க்கிற பாவனையில் தட்டைக் குனிந்து பார்த்தேன். ஷார்ஜாவுக்கு ஒருதடவை போய்க் கான் பாயைப் பார்த்து வர வேண்டும் என்று நினைத்தேன். வாராவாரம் நினைத்தேன். போய் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அப்படி ஷட்டரைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தவர்களில் ஒருவர்தான் தினகர்.

தெறித்த பட்டன்

ஸ்னூக்கர் ஆடுகிறவர்கள் மாப்பிள்ளை மாதிரி உடுத்த வேண்டும். முழுக்கைச் சட்டை, கழுத்தில் போ டை, மேலே வேஸ்ட்கோட். அதைத்தான் தைக்கக் கொடுத்தார்.

நான் வழக்கம்போல் நிற்க வைத்து அளவெடுத்தேன். இங்கே வருவதற்கு முன் ஓமானின் சோஹாரில் ஒரு யூனிஃபார்ம் கடையில் வருஷக்கணக்கில் துறைமுகத்து ஆட்களுக்கு கவரால் என்கிற முழு உடுப்பைத் தைத்தவன் நான். ஆட்கள் வரிசையில் நிற்பார்கள், நாங்கள் அளவெடுத்துத் தள்ளுவோம். கொஞ்ச நாளில் பலர் முதுகு கிழிந்து திரும்பி வருவார்கள். "ஒழுங்காப் போடத் தெரியலை" என்று மேஸ்திரி திட்டுவார், நாங்களும் தலையாட்டுவோம். அவர்கள் நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்கிறார்கள், நாம் நிற்கிற ஆளுக்குத் தைக்கிறோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

தினகர் என் வேஸ்ட்கோட்டைப் போட்டுக்கொண்டு ஜெர்மனி போனார். திரும்பி வந்து அதை மேசையில் வைத்தார். நடுப் பட்டனைக் காணோம்.

"முதல் ஃபிரேம்லயே குனிஞ்சேன் பாய். டப்புனு தெறிச்சு பச்சைத் துணியில உருண்டு போச்சு. ரெஃப்ரி வெள்ளைக் கிளவுஸ் போட்டுக்கிட்டு, ஏதோ வைரத்தை எடுக்குற மாதிரி எடுத்து என் கையில கொடுக்குறாரு. ஹால் பூரா சிரிப்பு."

"பந்துல பட்டுச்சா?"

"பட்டிருந்தா ஃபவுல். நல்லவேளை, படலை."

எனக்கு உடம்பு கூசிவிட்டது. கான் பாய் தைத்த பழைய வேஸ்ட்கோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். தையலைப் பிரித்து விரித்துப் பார்த்தேன். பின்பக்கம் முன்பக்கத்தைவிட நீளம். வலது கைக்குழி மட்டும் ஆழமாக வெட்டியிருந்தது. நிற்கிற ஆளுக்கு அது கோணல் துணி. குனிகிற ஆளுக்கு அதுதான் நேர்.

"இத எப்படி அளவெடுத்தாரு?"

"படுக்கப் போட்டுத்தான்."

"முன்னயே சொல்றதுக்கு என்ன தம்பி?"

"மாஸ்டர்கிட்ட போயி தொழில் சொல்றதா? வாயில ஊசி வேற வச்சிருந்தீங்க."

அப்படித்தான் அவர் என் கட்டிங் டேபிளில் ஏறிப் படுத்தது. அன்று நர்ஸம்மா வந்தது. கான் பாயின் வெட்டைப் பார்த்து, அதேபோல் வெட்டினேன். இரண்டாவது வேஸ்ட்கோட் தினகரின் முதுகில் தோல்போல் உட்கார்ந்தது. அதைப் போட்டுக்கொண்டு சீனாவில் இரண்டு சுற்று ஜெயித்தார்.

எதற்கு மன்னிப்பு?

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவர் பழகும் கிளப்புக்கு என்னைக் கூட்டிப் போனார். உள்ளே ஏசி குளிர், மேசைக்கு மேலே மட்டும் வெளிச்சம். வேறொரு ஆட்டக்காரரோடு ஆடினார். ஒரு சிவப்புப் பந்தைக் குறிவைத்து அடித்தார்; அது குழியின் விளிம்பில் பட்டு விலகி, சுற்றிக்கொண்டு போய், நினைக்காத வேறொரு குழியில் விழுந்தது.

நான் சந்தோஷத்தில் கை தட்டப் போனேன். தினகரோ எதிராளியைப் பார்த்து ஒரு உள்ளங்கையை லேசாகத் தூக்கினார். முகத்தில் சிரிப்பில்லை. எதிராளி தலையசைத்தார்.

வெளியே வந்து சாயா குடிக்கும்போது கேட்டேன். "அங்க யாருக்குக் கை காட்டுனீங்க?"

"மன்னிப்புக் கேட்டேன் பாய். அது நான் போட்ட பந்து இல்ல, அதிர்ஷ்டத்துல விழுந்தது. விழுந்தா கை தூக்கணும். அது வழக்கம்."

"தப்பு ஏதும் பண்ணலையே?"

"தப்பில்ல. பாயிண்டும் நமக்குத்தான். இருந்தாலும் தூக்கணும்."

எனக்கு அது சரியாகப் படவில்லை. "படைச்சவன் கொடுத்ததுக்கு அவனுக்கு நன்றி சொல்லலாம். மனுசன்கிட்ட மன்னிப்புக் கேட்டா, கொடுத்தவன் தப்பாக் கொடுத்துட்டான்னு ஆயிருமே" என்றேன்.

தினகர் டம்ளரைக் கீழே வைத்தார். "எங்க அம்மா மீனாச்சியக் கும்பிடாம தண்ணி குடிக்காது. நானும் மேல பாத்து ஒரு கும்பிடு போட்டுருவேன் பாய். ஆனா எதிர்ல ஒருத்தன் ஒக்காந்திருக்கான்ல?"

சீசன் முழுக்க எங்களுக்குள் இந்த வழக்கு ஓடியது. அவர் வரும்போதெல்லாம் நான் ஒரு வாதம் வைத்திருப்பேன். அவர் ஒவ்வொரு தடவையும் அதே ஒரு வரியைச் சொல்வார். பரீதா ஒருநாள், "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிக்கிறதுக்குள்ள அந்தப் பந்தே கரைஞ்சு போயிரும்" என்றாள்.

மஃரிப் நேரம்

வெயில் திரும்பத் தொடங்கியிருந்தது. சீசனின் கடைசிப் போட்டி, இங்கிலாந்தில். அதில் முதல் ஆட்டத்தை ஜெயித்தால் தினகர் கோட்டுக்கு மேலே. தோற்றால் கீழே. வேறு கணக்கே இல்லை.

அங்கே மதியம், இங்கே மாலை. பரீதா ஃபோனை நூல் டப்பாவில் சாய்த்து வைத்திருந்தாள். சின்னத் திரையில் என் வேஸ்ட்கோட் தெரிந்தது. கறுப்புத் துணி, முதுகில் சாம்பல் சாட்டின். குனியும்போது ஒரு சுருக்கம் விழவில்லை. எதிராளி ஒரு வெள்ளைக்காரர், தலை நரைத்தவர். அவரும் கோட்டில்தான் நிற்கிறார், அவருக்கும் இதுதான் கடைசி வாய்ப்பு என்று தினகர் முன்பே சொல்லியிருந்தார்.

ஆளுக்குச் சமமாக ஃபிரேம்கள் எடுத்து, கடைசி ஃபிரேமுக்கு வந்துவிட்டார்கள். அப்போது மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள்.

"நீங்க போங்க, நான் பாத்துச் சொல்றேன்" என்றாள் பரீதா.

பள்ளிவாசலுக்கு ஓடினேன். கடைசி சுஜூதில் நெற்றியைத் தரையில் வைத்து ஒன்றே ஒன்றைக் கேட்டேன். "யா அல்லாஹ், அந்தப் பந்து விழட்டும்."

திரும்பி வந்தபோது மேசையில் இரண்டே பந்து மிச்சம். பிங்க், கறுப்பு. புள்ளிகளில் தினகர் முன்னால் இருந்தார். அவர் பிங்கைப் போட்டால் முடிந்தது. எதிராளி ஜெயிக்க வேண்டுமென்றால் இரண்டையும் போட வேண்டும். பரீதா முந்தானையை வாயில் வைத்திருந்தாள்.

எதிராளி பிங்கைக் குறிவைத்து அடித்தார். நடுக் குழியில் பட்டுத் தெறித்தது.

"தவறிருச்சு" என்றாள் பரீதா.

தெறித்த பந்து நிற்கவில்லை. எதிர்ப் பக்கம் மோதி, மெதுவாக, யாரோ நூல் கட்டி இழுப்பதுபோல் மூலைக்குப் போய், விளிம்பில் ஒரு கணம் தயங்கி, விழுந்தது.

நரைத்தவர் தினகர் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினார். உள்ளங்கை முழுதாகத் தெரிந்தது. அவர் முகம் செத்துப்போயிருந்தது.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "போட்டுட்டு என்ன கை? வாயில இருந்ததப் பிடுங்கிக்கிட்டு என்ன மன்னிப்பு?" என்று ஃபோனைப் பார்த்துச் சொன்னேன்.

கேமரா தினகரைக் காட்டியது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிராளியைப் பார்த்தார். பிறகு நாற்காலியின் கையை விரல் முட்டியால் இரண்டு தடவை தட்டினார். நன்றாக ஆடிய அடிக்குத்தான் அப்படித் தட்டுவார்கள். இதற்குத் தட்டியிருக்க வேண்டியதில்லை.

நரைத்தவர் கறுப்புப் பந்தையும் போட்டார்.

பரீதா ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். "பள்ளியில என்னன்னு கேட்டீங்க?"

"அந்தப் பந்து விழட்டும்னு."

"யாரு அடிக்கிற பந்துன்னு சொல்லலையா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பரீதா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "விடுங்க. அந்தாளுக்கும் வீட்டுல ஒருத்தி இருப்பா. அவ சரியாக் கேட்டிருப்பா."

நாற்காலியில் இருந்தவர்

சில நாள் கழித்து தினகர் கடைக்கு வந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. வேஸ்ட்கோட்டை மேசையில் வைத்தார்.

"இடுப்புல கொஞ்சம் பிடிக்கணும் பாய். தகுதிப் போட்டிக்குப் போறேன். சின்னப் பயலுக எல்லாம் என்னைய அங்கிள்னு கூப்பிடப் போறானுக."

"வீட்டுல சொல்லிட்டீங்களா?"

"சொன்னேன். எம் மக, 'பரவால்லப்பா, நானும் கணக்குல திருப்பிப் பரீட்சை எழுதுறேன், ரெண்டு பேரும் சேந்து எழுதுவோம்'ங்குறா."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். "அந்த ஆளு கை தூக்குனப்ப என்ன தோணுச்சு தம்பி?"

"வயிறு எரிஞ்சுச்சு. பொய் சொல்வானேன்." நீலச் சாக்கை விரல்களுக்கிடையே உருட்டினார். "ஆனா கை தூக்காம அடுத்த பந்துக்குப் போயிருந்தாருன்னு வைங்க. நான் அந்த நாற்காலியில ஒக்காந்திருந்ததே அவருக்குத் தெரியலேன்னுல ஆயிருக்கும்."

நான் வேஸ்ட்கோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வலது கைக்குழியில் என் விரல் நின்றது. வெட்டு கான் பாயுடையது.

"கான் பாய் இப்ப எங்க இருக்காரு, தெரியுமா?"

"ஷார்ஜா முவைலாவுல. போன மாசங்கூடப் பாத்தேனே."

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரா?"

"கேக்கல. இந்த வேஸ்ட்கோட்ட தடவிப் பாத்தாரு. 'கைக்குழி நல்லா வந்திருக்கு'ன்னாரு."

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். "இந்த இடுப்ப நான் பிடிக்கல தம்பி, கான் பாயே பிடிக்கட்டும். வெள்ளிக்கிழமை என்னைய அங்க கூட்டிட்டுப் போங்க."

முவைலா

ஜும்ஆ முடிந்து புறப்பட்டோம். ஒரு சலூனுக்கும் மொபைல் ரிப்பேர் கடைக்கும் நடுவே இருந்தது அவர் புதுக் கடை. கராமாக் கடையில் பாதிகூட இல்லை. கட்டிங் டேபிள் போட்டதுபோக ஆள் நிற்க இடமில்லை. கான் பாய் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். தாடி இன்னும் வெளுத்திருந்தது. காதில் பென்சில் அப்படியே இருந்தது.

சலாம் சொன்னேன். பதில் சலாம் வந்தது. வழியெல்லாம் இந்தியில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் வாசலிலேயே நின்றுவிட்டன. தப்பு செய்துவிட்டேன் என்று சொல்ல முடியாது, செய்யவில்லை. உங்கள் கடை போனதற்கு வருத்தம் என்றால், என் கல்லா அதற்குச் சிரிக்கும்.

நான் வலது கையைத் தூக்கினேன். உள்ளங்கை தெரிய, லேசாக, தோள் உயரத்துக்கு. ஸ்னூக்கர் மேசையில் ஒருநாளும் குச்சி பிடிக்காதவன் செய்தது.

கான் பாய் மூக்குக் கண்ணாடியை இறக்கி என் கையைப் பார்த்தார். அவர் ஊரில் தெருவுக்குத் தெரு அந்த மேசை உண்டு. தினகரின் ஆட்டத்தைக் கடைசிப் பந்துவரை அவரும் பார்த்திருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது.

ரொம்ப நேரம்போல் இருந்தது. கை வலித்தது. இறக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை.

கான் பாய் விரல் முட்டியால் மெஷின் பலகையைத் தட்டினார். இரண்டு தடவை.

பிறகு தினகர் பக்கம் திரும்பி, "யல்லா, சாம்பியன், ஏறிப் படு" என்றார் இந்தியில். என்னிடம் இஞ்ச் டேப்பின் ஒரு முனையை நீட்டினார். "மாஸ்டர், அந்தப் பக்கம் பிடி. உனக்கு எப்பவும் பின்பக்கம் ஒரு நூல் அளவு குறையும்."

தினகர் மேசையில் ஏறி, கையை முன்னால் நீட்டி, தாடையை மரத்தில் வைத்தார். நான் அவர் இடுப்பருகே டேப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். மறுமுனை கான் பாய் கையில் இருந்தது.